பீரோவில் காத்திருந்த சாக்லேட்

போன வாரம் எங்கள் பக்கத்து வீட்டில் ரெய்டு நடந்தது. நடத்தியவர் வருமான வரி அதிகாரி அல்ல... அந்த வீட்டுக்காரர் மைதீனேதான்!

மைதீன் வளைகுடாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். தேதி முடிந்த சரக்கை ஷெல்ஃபிலிருந்து தேடிப் பிடித்து வெளியே எடுப்பதுதான் அவர் வேலையே. லீவில் தென்காசிக்கு வந்தவருக்குக் கை சும்மா இருக்குமா? சனிக்கிழமை காலையிலேயே சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். சேமியா பாக்கெட் போச்சு. கஸ்டர்டு பவுடர் போச்சு. விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த ஜாம் பாட்டிலும் போச்சு. என் வீட்டுக்கு டீ குடிக்க வந்தவர், பேச்சுவாக்கில் என் பிரெட் பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்தார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் அவர் மனைவி ஜன்னத் பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். கையில் துணி சுற்றிய ஒரு டப்பா. முன்பு ஊருக்கு வந்த ஆளிடம் மைதீன் கொடுத்தனுப்பிய சாக்லேட். பேரீச்சம்பழமும் பாதாமும் வைத்த உசத்தி ரகம். பிரிக்கவே இல்லை.

எங்கள் பக்கம் வெளிநாட்டுச் சாமானுக்கென்று ஒரு மரியாதை உண்டு. சோப்பு, சென்ட், பால் பவுடர் — எதுவும் வந்த உடனே புழக்கத்துக்கு வராது. நேரே பீரோவுக்குள் போகும். நல்ல நாள் வரட்டும், நல்ல ஆள் வரட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஜன்னத்தின் டப்பாவும் அப்படித்தான் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்திருக்கிறது. மைதீன் வந்ததும் குற்றாலத்தில் குளித்துவிட்டு இரண்டு பேருமாகப் பிரிக்க வேண்டும் என்பது அவள் திட்டம். அவர் போன சீசனுக்கே வர வேண்டியவர். லீவு தள்ளிப்போனது... மறுபடியும் தள்ளிப்போனது. டப்பாவின் தேதி யாருக்காகத் தள்ளிப்போகும்? போன மாதமே முடிந்திருந்தது.

"அவிய கண்ணுல பட்டா குப்பைக்குத்தான் போவும் அக்கா. இதுக்கா நான் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்?" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கும் என்னமோ போல ஆகிவிட்டது. டப்பாவை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மூன்று பேரும் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வெளியே வந்தால் பசி வயிற்றைக் கிள்ளியது. வழியில் ஒருவர் வாணலியிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸை அள்ளிக்கொண்டிருந்தார். இதற்குத் தேதி எங்கே என்று மைதீன் கேட்டுவிடுவாரோ? கேட்கவில்லை. சூடாக ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். அந்தத் தைரியத்தில் டப்பாவை எடுத்து ஜன்னத் கையில் கொடுத்தேன். அவள் தயங்கித் தயங்கி அவரிடம் நீட்டினாள்.

மைதீன் பழக்கதோஷத்தில் முதலில் டப்பாவின் அடியைத்தான் பார்த்தார். முகம் மாறியது.

"இத்தன நாளா ஏன் திங்காம வச்சிருந்த?"

"நீங்க வந்ததும் சேந்து திங்கலாம்னுதான்."

மைதீன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அட்டையைக் கிழித்தார். சாக்லேட்டின் மேல் லேசாக வெள்ளை பூத்திருந்தது. மோந்து பார்த்தார். முதலில் தானே ஒன்றைக் கடித்தார்.

"கடையில எடுத்துப் போடச் சொல்லுதாங்க, எடுத்துப் போடுதேன். இது கடை இல்லைல்லா" என்றார்.

அப்புறம் எனக்கு வகுப்பு நடந்தது. 'பெஸ்ட் பிஃபோர்' என்றிருந்தால் அதுவரை ருசிக்கு கேரன்டி என்று அர்த்தமாம். தாண்டியதும் விஷமாகிவிடாதாம், பார்த்து, மோந்து முடிவு செய்யலாமாம். பால், மீன், இறைச்சியில் 'யூஸ் பை' என்று போட்டிருந்தால் மட்டும் விளையாடவே கூடாதாம். அப்படியென்றால் நேற்று தூக்கிப் போட்ட சேமியா? அதில் வண்டு இருந்தது என்றார். சரி, ஜாம்? அவர் சிப்ஸ் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

இனிமேல் எது அனுப்பினாலும் வந்த அன்றைக்கே பிரித்துவிட வேண்டும் என்று ஜன்னத்திடம் கண்டிப்பாகச் சொன்னார். அவள் முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தாள்.

"டப்பாவுல அதோட தேதி இருக்கு. பக்கத்துல நீங்க வருத தேதியையும் அச்சடிச்சு அனுப்புங்க. எது முந்துதுன்னு பாத்துக்கிடுதேன்."

மைதீன் ஒரு சாக்லேட்டை எடுத்து அவள் வாயில் வைத்தார். நான் நாகரிகமாக அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்...

திரும்புமுன் டப்பாவிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம்!