கிறகரி செய்த கடலை மீன்

கிறகரிக்குப் பேத்தி பிறந்த செய்தி, குழந்தை ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிடுமுன்னரே மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவர் வேறு யாருமில்லை, கிறகரிதான். கோயில் வாசலில் சொன்னார். மரக்கறிக் கடையில் சொன்னார். மூலையில் டெப்பனர் என்கிற சின்னக் கடை வைத்திருக்கும் கிரேக்கக் கிழவருக்குச் சொன்னார். பஸ் சாரதியையும் விடவில்லை.

"மூண்டு கிலோ எழுநூறு!" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்.

விரித்த அளவைப் பார்த்த கூட்டாளி யோசெப், "அண்ணை, பேத்தி பிறந்ததோ, பாரை மீன் பிடிபட்டதோ?" என்று கேட்டார்.

கேட்டதில் தப்பில்லை. கிறகரி யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தகப்பனோடு கடலுக்குப் போனவர். மொன்றியலுக்கு வந்த பிறகும் மீன் அவரை விடவில்லை. டெப்பனர்களில் பிளாஸ்டிக் பெட்டியில் முக்கோணமாக வெட்டி விற்கிறார்களே சான்ட்விச், அதைச் செய்கிற ஒரு சமையற்கூடத்தில் பதினாலு வருடம் வேலை. அவருடைய மேசை டூனா மேசை. டின்மீனை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து தண்ணீர் எடுத்து, உதிர்த்து, வெங்காயமும் மயோனேஸும் போட்டுப் பிசைந்து, பாணில் பூசி, மூலைக்கு மூலை ஒரே வெட்டு. கண்ணை மூடிக்கொண்டும் செய்வார். கோயில் விழாக்களிலும் கிறகரியின் டின்மீன் சான்ட்விச் இல்லாமல் மேசை விரிப்பதில்லை.

அந்தச் சான்ட்விச்சைத் தொடாத ஒரே ஆள், அவருடைய சொந்த மருமகள் அஜிதா.

அஜிதா கல்லூரியில் படிக்கும்போதே மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் விட்டவள். பாலும் இல்லை, பட்டரும் இல்லை. மகன் ஜோன்சன் அவளைக் கட்டப்போகிறேன் என்று வந்து சொன்னபோது கிறகரி, "சைவமெண்டா நல்லதுதானே, தயிர் சாப்பிடுவாதானே?" என்றார். இல்லை என்றான். "அப்ப என்னத்தைத்தான்ரா சாப்பிடும் அந்தப் பிள்ளை?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

அந்தக் கவலையில்தான் ஒரு பிழை விட்டார். கலியாணம் முடிந்து முதல்முறை வீட்டுக்கு வந்தவளுக்கு, உருளைக்கிழங்குக் கட்லட் என்று சொல்லி மீன் கட்லட் கொடுத்தார். வாய்க்கு ருசிப்பட்டால் தானாகப் பழகிவிடுவாள் என்பது அவருடைய நினைப்பு. பாதி கடித்தவள் நிறுத்தினாள். பிய்த்து, மணந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. கட்லட்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு, "மாமா, கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பன்" என்றாள். அவ்வளவுதான்.

அதன்பிறகு அவள் இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் கையில் ஒரு நீலமூடிப் பெட்டி வரும். அவளுடைய சாப்பாடு அதற்குள் இருக்கும். மூன்று வருடமாக அந்தப் பெட்டி மேசையில் கிறகரிக்கு நேரே உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பேத்தி பிறந்த பிறகு அந்தப் பெட்டி இன்னும் கனத்தது. கிறகரியின் மனைவி அக்னெஸ், பால் ஊறட்டும் என்று பால்சுறாப் புட்டு அவித்துக்கொண்டு பாலம் தாண்டி புரோசார்ட்டிலிருக்கும் மகன் வீட்டுக்குப் போனார். கொண்டுபோனபடியே திருப்பிக்கொண்டு வந்தார். சுறா தின்னாமலே அஜிதாவுக்குப் பால் ஊறி, பிள்ளை மரியேல் கன்னம் வைத்துப் பூசணிக்காய் மாதிரி இருந்தாள் என்பது வேறு கதை.

விஷயம் இதுதான். ஒரு வருடப் பிள்ளைப்பேற்று லீவு முடிய அஜிதா திரும்ப வேலைக்குப் போகவேண்டும். அப்போது பிள்ளையை யார் பார்ப்பது? வருகிற மாசி மாதம் கிறகரிக்கு வேலை ஓய்வு. பேத்தியைத் தான் பார்க்கவேண்டும் என்று தவம் கிடந்தார். ஜோன்சன் சரி என்றான். அஜிதா மட்டும், "கார்டெரியிலையும் பேர் குடுத்து வைச்சிருக்கிறன் மாமா. யோசிப்பம்" என்றாள். கார்டெரி என்பது பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம்.

ஏன் யோசிக்கிறாள் என்று கிறகரிக்குத் தெரியும். தாய்க்கே பொய் சொல்லி மீன் தீத்தின கை, பிள்ளைக்கு என்னத்தைத் தீத்தும்?

ஞானஸ்நானத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அன்றைக்குத் தன் கையால் செய்ததை அஜிதா எல்லாருக்கும் முன்னால் சாப்பிடவேண்டும் என்று முடிவெடுத்தார். டின்மீன் சான்ட்விச்தான், ஆனால் மீன் இல்லாமல்.

"மீன் இல்லாத டின்மீனோ? வெறும் டின்னைக் குடுக்கப் போறியளோ?" என்றார் அக்னெஸ்.

முதல் கிழமை சோயாவில் செய்தார். றப்பர்ச் செருப்பைக் கடித்தது போலிருந்தது. அடுத்த கிழமை கொண்டைக்கடலையை அவித்து மசித்தார். யோசெப் தின்றுவிட்டு, "நல்லாயிருக்கண்ணை. இனி இதை எண்ணெயிலை போட்டுப் பொரிச்சா வடை" என்றார். கிறகரிக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு சேர்த்து யோசனையும் வந்தது. டூனா மசியாதே, உதிருமே! கடலையை முழுக்க மசிக்காமல் முள்ளுக்கரண்டியால் பாதி மட்டும் நசித்தார். டின்னில் வரும் பிஞ்சுப் பலாக்காயை வாங்கி, பதினாலு வருடப் பழக்கத்தில் உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து, நார் நாராகப் பிரித்துச் சேர்த்தார். கண்ணுக்கு அசல் டூனா. மயோனேஸுக்குப் பதிலாக முந்திரிப்பருப்பை ஊறவைத்துத் தேசிக்காய்ப் புளியோடு அரைத்து ஊற்றினார். வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு.

எல்லாம் சரி. ஏதோ ஒன்று குறைந்தது. அக்னெஸ் கோயிலுக்குப் போயிருந்த நேரம் அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு போத்தலாகப் போட்டுப் பார்த்தார். சிவப்புமூடிப் போத்தலில் இடித்த மிளகாய்த்தூள் இருந்தது. அதில் இரண்டு கரண்டி போட்டதும் வந்துவிட்டது! அதேதான்! யோசெப்பைக் கூப்பிட்டுத் தீத்தினார்.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. இது மீன்."

"கடலையடா!"

"கடலிலை பிடிச்ச கடலையோ?"

கிறகரி அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார்.

ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. பேத்தியின் வெள்ளைச் சட்டையை அக்னெஸிடம் தைக்கக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துப்போகக் காலையில் ஜோன்சனும் அஜிதாவும் பிள்ளையோடு வந்தார்கள். மேசையில் ஒரு பெரிய சட்டி நிறையப் பூச்சு. கிறகரி ஒரு துண்டுப் பாணில் பூசி, மூலைக்கு மூலை வெட்டி, அஜிதாவுக்கு முன் வைத்தார்.

"கடலையும் பலாக்காயும், பிள்ளை. முட்டை இல்லை, பால் இல்லை, மீன் இல்லை. பாணையும் விசாரிச்சுத்தான் வாங்கினனான்."

அஜிதா துண்டைப் பார்த்தாள். மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடித்தாள். மென்றாள். கண் விரிந்தது.

"மாமா... இது மெய்யாவே கடலையா?"

"மாதாவாணை!"

முழுத்துண்டும் சாப்பிட்டாள். நீலமூடிப் பெட்டி பைக்குள்ளேயே கிடந்தது. போகும்போது, "நாளைக்கு எனக்கு ரெண்டு எடுத்து வையுங்கோ" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். கிறகரி படியில் நின்று கார் மறையுமட்டும் கை காட்டினார். கார் மறைந்த பிறகும் காட்டினார்.

பின்னேரம் சான்ட்விச் அடுக்க உட்கார்ந்தார். கிறகரியிடம் ஒரு தொழில் பழக்கம் உண்டு. சமையற்கூடத்தில் பெட்டியை மூடினால் லேபல் ஒட்டாமல் அடுத்த பெட்டியைத் தொடக்கூடாது. உள்ளே என்ன என்ன போட்டதோ எல்லாம் அதில் இருக்கவேண்டும். ஒருமுறை முட்டை லேபல் டூனாப் பெட்டியில் ஏறிவிட்டது என்று நானூறு பெட்டியை அப்படியே குப்பையில் கொட்டவைத்தார் மேற்பார்வைக்காரி. நாளைக்கும் லேபல் ஒட்டவேண்டும், அஜிதா வாசிக்கவேண்டும் என்று நினைத்தார். கொப்பித்தாளை எடுத்துத் தன் கோழிக் கிறுக்கலில் ஒவ்வொன்றாக எழுதினார். கடலை. பலாக்காய். முந்திரி. தேசிக்காய். வெங்காயம். பச்சைமிளகாய். மிளகு.

"இஞ்சாரும், உந்தச் சிவப்புமூடிப் போத்தலுக்கை என்ன என்ன போட்டு இடிச்சனீர்?"

அக்னெஸ் சட்டையில் பொத்தான் தைத்து மிஞ்சிய நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "செத்தல் மிளகாய், சீரகம், உப்பு, மாசி."

பேனை நின்றது.

"என்ன?"

"மாசி. சம்பலுக்கு இடிச்ச தூளெல்லோ அது. மாசி போடாமல் என்ன சம்பல்?"

கிறகரி போத்தலைத் திறந்து மூக்குக்குள் வைத்தார். ஒன்றும் மணக்கவில்லை. பதினாலு வருடம் டூனாவுக்குள் கை விட்டவருக்கு, அதற்கு முன் வள்ளத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, மீன் மணம் என்று தனியாக ஒன்று மூக்கில் ஏறுவதில்லை. காற்றுக்கு மணம் உண்டா, அதைப்போல.

"மாசி மீனெல்லோ அக்னெஸ்!"

"மாசி மீனோ? அது சரக்கு!" என்றார் அக்னெஸ். அவர் பொய் சொல்லவில்லை. அவித்துக் காயவைத்த சூரைமீன்தான் என்றாலும், ஊரில் மாசியை யாரும் மீன் கணக்கில் வைத்ததில்லை. மல்லி, சீரகத்தோடுதான் அதற்கும் இடம்.

கிறகரி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். காலையில் அந்தப் பிள்ளை முழுத்துண்டையும் தின்றதே. மாதாவாணை என்று வேறு சொன்னாரே.

"இஞ்சாருங்கோ, ரெண்டு கரண்டி மாசித்தூள். ஆருக்குத் தெரியப் போகுது? பேசாமல் இருங்கோ. சொன்னியள் எண்டா பேத்தியும் இல்லை, ஒண்டும் இல்லை. கார்டெரிதான்."

"எனக்குத் தெரியுமே" என்றார் கிறகரி. "லேபலிலை என்ன எழுதச் சொல்லுறீர்?"

சட்டியோடு யோசெப் வீட்டுக் கதவைத் தட்டினார். "இந்தா, உனக்குத்தான். இது மீன்தான்ரா, நீ சொன்னது சரி" என்று கையில் கொடுத்துவிட்டு மெட்ரோவுக்கு நடந்தார். மெட்ரோவால் இறங்கி பஸ் ஏறினார், மடியில் சிவப்புமூடிப் போத்தல். பாலத்தில் பஸ் போகும்போது என்ன சொல்வது என்று பத்துவிதமாகச் சொல்லிப் பார்த்தார். புரோசார்ட்டில் இறங்கும்போது ஒன்றும் ஞாபகம் இல்லை.

அஜிதா கதவைத் திறந்தாள். தோளில் மரியேல்.

கிறகரி சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. போத்தலை நீட்டினார். "பிள்ளை, காலமை நீர் சாப்பிட்டதிலை மீன் இருந்தது. மாசித்தூள். எனக்குத் தெரியாமல் போட்டிட்டன். இப்பதான் தெரியும்."

அஜிதா போத்தலை வாங்கவில்லை. முகம் சுருங்கிற்று. பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"எவ்வளவு?"

"சட்டிக்கு ரெண்டு கரண்டி. உம்மட துண்டுக்கு ஒரு நுள்ளு வந்திருக்கும்."

"நுள்ளோ, கிள்ளோ. மீன் மீன்தானே மாமா."

"ஓம் பிள்ளை. மீன் மீன்தான்."

ஜோன்சன் வந்து எட்டிப் பார்த்தான். நிலைமை தெரிந்து திரும்பப் போய்விட்டான்.

"மாமி சொல்லச்சொன்னவவோ?"

"இல்லை. வாயைத் திறக்காதேங்கோ எண்டவ."

அஜிதா சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தாள். அடக்க முடியவில்லை. சிரித்த பிறகும் கோபம் முகத்தில் மிச்சமிருந்தது. "போனமுறை நான் கண்டுபிடிச்சன். இந்தமுறை நீங்களே வந்து சொல்லுறியள்" என்றாள். "ஐயோ, உள்ளை வாங்கோ மாமா. வாசலிலை நிக்காதேங்கோ, பிள்ளைக்குக் குளிர்காத்து."

உள்ளே வந்தவரிடம், "அப்ப நாளைக்கு என்ன குடுக்கப் போறியள்?" என்று கேட்டாள்.

"திருப்பிச் செய்யவேணும். மாசி இல்லாமல் அந்த ருசி வராது. அதுதான் யோசினை."

அஜிதா அலுமாரியைத் திறந்து ஒரு பைக்கற்றை எடுத்துப் போட்டாள். சூசி சுற்றுகிற கடற்பாசித் தாள். பச்சைக் கறுப்பாய், கடதாசி மாதிரி. பக்கத்துச் சீனக்கடையில் வாங்கியது. "இது கடலிலை இருந்து வாறதுதான். ஆனால் நீந்தாது."

ஜோன்சன் பிஞ்சுப் பலாக்காய் வாங்க ஓடினான். கிறகரி பாசித்தாளைச் சட்டியில் வாட்டி, நொருங்கத் தட்டி, செத்தல் மிளகாயோடு இடித்துச் சேர்த்தார். ருசி பார்ப்பதில்தான் சிக்கல். கிறகரி தன் மூக்கையும் நாக்கையும் இனி நம்பத் தயாரில்லை. அஜிதாவின் நாக்கு மீனை எப்போதோ மறந்துவிட்டது. நடுவர் ஜோன்சன்தான். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிச் சொல்லிக் கால்வாசியைத் தின்று முடித்தான்.

"டேய், ருசி பாக்கிறியோ, இரவுச் சாப்பாடோ?" என்றார் தகப்பன். "சரியா, இல்லையா?"

"சரி அப்பா. யோசெப் மாமாவை ஏமாத்தலாம்."

"ஆரையும் ஏமாத்தத் தேவையில்லை" என்றார் கிறகரி.

மறுநாள் மரியேல் தலையில் தண்ணீர் பட்டதும் வீரிட்டு அழுதாள். சாமியார் சொன்ன செபம் ஒருவருக்கும் கேட்கவில்லை. "பாசையூர்த் தொண்டை" என்று கிறகரி பக்கத்தில் நின்றவருக்குப் பெருமையாகச் சொன்னார். மண்டபத்தில் மேசை விரித்தார்கள். தட்டுக்கு முன்னால் கொப்பித்தாள் லேபல் நின்றது. கடலை, பலாக்காய் என்று தொடங்கி, கடைசியில், 'கடற்பாசி. மாசி இல்லை' என்று முடிந்தது. மாசி இல்லை என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

சனம் தட்டைச் சுற்றியது. யோசெப் மட்டும் ஒன்றைக் கடித்துவிட்டு, நேற்றையதுதான் திறம் என்று இரகசியமாகச் சொன்னார்.

கிறகரி அஜிதாவைத் தேடினார். அவள் தூங்கும் பிள்ளையோடு வந்துகொண்டிருந்தாள். கையில் அந்த நீலமூடிப் பெட்டி.

கிறகரி பெட்டியைக் கண்டார். சரிதான், இரண்டுமுறை பட்டவள், கொண்டுவராமல் என்ன செய்வாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அஜிதா மேசைக்கு வந்து, பெட்டியை வைத்துவிட்டு, லேபலைக் குனிந்து வாசித்தாள். முழுவதும் வாசித்தாள். ஒரு துண்டை எடுத்து எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டாள். பிறகு பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

பெட்டி வெறுமையாக இருந்தது.

"ஆறு துண்டு வையுங்கோ மாமா. நாளைக்கு மத்தியானத்துக்கு" என்று பெட்டியை நீட்டினாள். அவர் வாங்கியதும், மற்றக் கையிலிருந்த பிள்ளையையும் நீட்டினாள். "இவளையும் பிடியுங்கோ, நான் கை கழுவோணும். நாளைக்குக் கார்டெரிக்கு ஒரு போன் எடுத்துப் பேரை வெட்டச் சொல்லவேணும். ஞாபகப்படுத்துங்கோ."

ஒரு கையில் பேத்தி, மறு கையில் பெட்டி. துண்டை எடுத்து வைக்க மூன்றாவது கை இல்லை.

"அக்னெஸ்! இஞ்சாரும், ஓடி வாரும்!" என்று மண்டபம் அதிரக் கூப்பிட்டார் கிறகரி. பிள்ளை விழித்துக்கொண்டு, அவரைவிடப் பெரிய சத்தமாகத் தானும் தொடங்கினாள்.