அம்மா ஏன் கடைசியில் சாப்பிட்டார்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் மூத்த மகனின் வணக்கம்.

மலர் வேலை தொடங்கியபோது சித்தப்பா என்னிடம் சொன்னார்: "வீட்ல எல்லாரும் துன்ன அப்புறம்தான் உங்க அம்மா துன்னுவாங்க. அத மறக்காம எழுதுடா. அந்த மாதிரி மனசு யாருக்கு வரும்?" எழுதத்தான் உட்கார்ந்தேன். கை கூசுகிறது.

அம்மா தேசூரில் பிறந்தவர். ஆரணிக்கு மருமகளாக வந்து, அப்பாவின் தறிக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். அவருடைய நகங்கள் கரண்டி போலக் குழிந்து, ஓரம் பிளந்து, நூலில் மாட்டி இழுக்கும். இழை அறுந்தால் அப்பா சலித்துக்கொள்வார். அம்மா நகத்தைக் கல்லில் தேய்த்துக்கொள்வார். நூல் வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். முகம் வெளுத்ததற்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியதற்கும் வயதைக் காரணம் சொன்னோம்.

கல்யாண வீடுகளில் அம்மா பந்தியில் உட்காரவே மாட்டார். "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சாம்பார் வாளியைத் தூக்கிக்கொள்வார். ஊரே புகழ்ந்தது. நாங்களும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தண்ணீர்கூட இறங்காமல் போன பிறகுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இரும்புச்சத்து குறைந்து நகம் குழிந்து, இரத்தம் வற்றியதோடு, தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் மெல்லிய சவ்வு வளர்ந்து வழியை அடைத்திருந்தது. பிளம்மர்-வின்சன் என்று அந்த அரிய நோய்க்குப் பெயர் சொன்னார்கள். முன்பே வந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரையும், சவ்வை விரித்துவிடும் சிறு சிகிச்சையும் போதுமானதாக இருந்திருக்குமாம். இப்போது அதே இடத்தில் புற்றுநோய் வந்துவிட்டது என்றார் டாக்டர்.

"எத்தனை வருஷமா முழுங்கக் கஷ்டப்படறாங்க?" என்று அவர் கேட்டார்.

அம்மாதான் என்னைக் காட்டிப் பதில் சொன்னார். "இவன் சின்னப் பையனா இருந்தப்பவே சார். ஒரு கல்யாணத்துல சோறு அடச்சிகினு, எல்லாரும் எழுந்து பாத்தாங்க. மானமே போச்சு. அதுலேருந்து யார் எதிர்லயும் துன்றதில்ல. சோத்தக் கரச்சி, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சிகினு துன்னுவேன். நேரமாவும். அதான் கடைசியா."

நாங்கள் தியாகம் என்று கொண்டாடியது அம்மாவின் வெட்கத்தை. நினைக்கும்போதெல்லாம் தலை குனிகிறது. அவர் கையால் அத்தனை வருடம் சாப்பிட்ட எங்களில் ஒருவர்கூட அவர் சாப்பிடுவதைப் பார்த்ததில்லை.

இரத்தம் கொடுத்த தெரு இளைஞர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கடைசி மாதங்களில் கஞ்சியை வடிகட்டிக் குழாய் வழியே ஊட்டிய தம்பி மனைவிக்கும் எங்கள் நன்றி.

இன்றைய நினைவு உணவில் வீட்டுப் பெண்கள் முதல் பந்தியில் உட்காருகிறார்கள். நானும் தம்பியும் பரிமாறுகிறோம். யாராவது "எனக்கு அப்புறம்" என்று சொன்னால் புகழ்ந்துவிட்டுப் போகாதீர்கள். ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.