கோல் போட்ட மாஸ்டர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பாராட்டு விழா. ராகலையிலிருந்துகூட லொறியில் ஆட்கள் வந்திருந்தார்கள். யாருக்கு என்கிறீர்கள்? எங்கள் புட்போல் மாஸ்டர் செல்வராசாவுக்கு!

கொலேஜில் அவர் பேர்போன சென்டர் போர்வர்ட். காலில் பந்து பட்டால் கோல்தான் — நான் மறுக்கவில்லை. பரீட்சை மட்டும் கோட்டை விட்டுவிட்டார். அதை யார் கேட்டார்கள்?

அந்த வருஷம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் வேலை காலி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதன்முதலாக எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவள் நான். விடிகாலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும், அப்பா தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்காகக் கேட்டார்.

"ஒம் மக பாஸ் பண்ணிருக்கு, சரிதாம்ப்பா," என்றாராம் பெரிய கங்காணி. "தொரைக்குக் கப்புல்ல வேணும்? ஒம் மக கோல் போடுமா?"

பெரட்டே சிரித்ததாம்.

தோட்டங்களுக்கிடையே நடந்த புட்போல் போட்டியில் துரைக்குக் கப் கிடைத்தது. செல்வராசாவுக்கு வேலையும் வீடும் கிடைத்தன. நான் வட்டவளைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் படிப்பிக்கப் போனேன்.

பள்ளிக்கூடத்துக்கு என்ன கிடைத்தது? அங்கேதான் வேடிக்கை. மாஸ்டர் காலையிலேயே மைதானத்துக்குப் போய்விடுவார். பிள்ளைகள் பின்னாலேயே போக வேண்டும் — பந்து தேயிலைக்குள் உருண்டால் எடுத்துக் கொடுக்க. என் தங்கை லட்சுமி ஐந்து வருஷம் அந்தப் 'படிப்பு' படித்தாள். லீவில் வந்து கேட்டால், "நல்லாப் படிக்கிறேன்க்கா" என்பாள். நானும் நம்பினேன். இன்று கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிறாள்.

இப்போது மாஸ்டருக்கு முழங்கால் போய்விட்டதாம். அதற்குத்தான் இந்த விழா. பயப்படாதீர்கள்... ஓய்வு ஆட்டத்திலிருந்து மட்டும்தான். பள்ளிக்கூடத்திலிருந்து இல்லை!

மேடையில் ஆளுக்கொரு கோலை வர்ணித்தார்கள். மாஸ்டரின் கழுத்து மாலைக்குள் மறைந்துவிட்டது. கோல் கம்பங்களுக்கு நடுவே பெரிய துணி ஒன்றில் ஏதோ எழுதிக் கட்டியிருந்தார்கள். லட்சுமி என் முழங்கையை இடித்தாள்.

"அக்கா, அதுல என்னா எழுதியிருக்கு?"

மெதுவாக வாசித்துக் காட்டினேன்: 'எங்களுக்கு எழுத்தறிவித்த ஆசான் வாழ்க. இப்படிக்கு, மாணவர்கள்.'

அதை எழுதிய மாணவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவரோ!