தீர்ப்புச் சொல்லாத நடுவர்

காய்கறிக் கடையில் நிற்கும்போது செய்தி வந்தது: மாணிக்கம் போய்விட்டார். கல்லூரி ஆசிரியர் அறையில் எனக்கு அடுத்த நாற்காலிக்காரர், இயற்பியல் நடத்திய அதே மாணிக்கம். பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்பே இரண்டு கூட்டம் வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

சண்டை, கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு. 'இறைவனடி சேர்ந்தார்' என்று போட வேண்டும் என்றது கோயில் கமிட்டி. 'இயற்கை எய்தினார்' என்றது பகுத்தறிவுக் கூட்டம். மனிதர் உள்ளே பிணமாகக் கிடக்கிறார், இவர்கள் வெளியே நின்று அவரைப் பங்கு போடுகிறார்கள். தூ!

"ஆஸ்பத்திரியில திருநீறு பூசியிருந்தாகளாம்ல?" என்றார் கமிட்டித் தலைவர்.

"நர்ஸு பூசிவிட்டிருக்கும். மனசு நோகக்கூடாதுன்னு பேசாம இருந்திருப்பாரு" என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

இருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள்.

உங்களுக்கு நினைவிருக்கும், இதே ஆட்கள்தான் கண்டனூரில் 'கடவுள் உண்டா, இல்லையா' என்று பட்டிமன்றம் வைத்து அவரை நடுவராக உட்காரவைத்தார்கள். இரு அணியும் தொண்டை கிழியக் கத்தி ஓய்ந்தபின் அவர் எழுந்தார். "உண்டுன்னவுக யாரும் பாத்ததில்ல. இல்லைன்னவுக எல்லா இடமும் தேடினதில்ல. எனக்கும் தெரியலை. சோறு ஆறுது, வாங்க" என்றார். தீர்ப்புச் சொல்லாத நடுவரை நம் ஊர் கண்டதுண்டா? பொன்னாடைகூடப் போர்த்தாமல் அனுப்பினார்கள்.

நானும் சாமி இல்லை என்கிற கட்சிதான். "தெரியலைன்னு சொல்லவா எம்.எஸ்சி. படிச்சீக?" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். "அதைச் சொல்லத் தைரியம் வர்றதுக்கே அம்புட்டுப் படிக்க வேண்டியிருந்துச்சு" என்றார், சிரிக்காமல்.

கடைசியில் ஃபிளெக்ஸ் கடைக்காரர், மாணிக்கத்தின் மனைவி மீனாட்சியம்மாளிடமே போய்க் கேட்டார். அழுதுகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"எங்க போனாகன்னு இங்க யாருக்காச்சும் தெரியுமா? செத்துப் போனாக. அதை மட்டும் போடுங்க."

"அப்படிப் போட்டா நல்லாருக்காதேம்மா..."

"இப்ப மட்டும் நல்லாவா இருக்கு?"

'மாணிக்கம் இறந்துவிட்டார்' என்ற அந்தப் பலகை தெருமுனையில் நின்றது. இரு கட்சிக்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். போகட்டும், யாருக்கு நஷ்டம்?

கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் அங்கே போயிருந்தேன். காபியைக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்: "அவுக எங்கிட்டாச்சும் இருப்பாகளா சார்?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "தெரியலைம்மா" என்றேன்.

மாணிக்கத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்ல இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அந்த மனிதர் ஒருநாளும் சொன்னதில்லை.