சிவப்புத் திருகுகள்

ஒரு திருகின் நிறத்துக்காக என் கணவருக்கு அடி விழுந்தது. வேலி, காணி, கலியாணம் என்று எங்கள் குடாநாட்டில் அடிபட எத்தனையோ நல்ல காரணங்கள் இருக்க, எங்களுக்கு வாய்த்தது திருகு. அதைப் பூட்டியவள் நான்.

மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் எங்கள் வீட்டின் இரண்டு பின்னறைகள்தான் ஸ்டூடியோ. ஒன்றில் பாடுவார்கள். மற்றதில் அவர் இருந்து பதிவு செய்வார். நடுவில் பெரிய கண்ணாடி. மிக்சர், கொழும்பில் யாரோ மூடிய ஸ்டூடியோவிலிருந்து லொறியில் வந்த பதினாறு சானல் கிழவி. மைக்கில் வரும் குரல் மிகச் சின்னது. அதை முதலில் தூக்கி நிமிர்த்துவது பிரீஆம்ப், சானலுக்கு ஒன்று. கிழவியின் பிரீஆம்ப்கள் குரலோடு இரைச்சலையும் சேர்த்துத் தூக்கின. பின்னால் யாரோ வடை பொரிப்பது போல இருக்கும் என்று அவர் சொல்வார். எனக்குக் கேட்காது. பத்துப் பேர் சேர்ந்து பாடினாலும் யார் மூச்சை எங்கே களவாக விட்டார் என்று பிடிக்கிற காதுகள் அவருடையவை. அந்தக் காதுகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்தவள். ஒவ்வொரு சானலின் கார்டாகக் கழற்றி, பழைய சிப்பையும் ஊதிப்போன கப்பாசிற்றர்களையும் உருவி எறிந்து, புதுசு வைத்து ஈயம் ஊற்றினேன். எட்டு முடிந்தது. எது மாற்றியது, எது மாற்றாதது என்று குழம்பாமல் இருக்க, மாற்றிய சானல்களின் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகுகளுக்குச் சிவப்பு மூடி பூட்டினேன். மற்றவை பழைய கறுப்பு.

"மிச்சம் எட்டையும் முடிக்கும் மட்டும் ஒருத்தரையும் எடுக்காதேங்கோ," என்று சொன்னேன்.

"ஓம், ஓம்," என்றார். அடுத்த கிழமையே கோயில்காரருக்கு நாள் கொடுத்துவிட்டு வந்து நின்றார். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர்.

அந்தக் கோயிலில் கிழக்குப் பகுதி, மேற்குப் பகுதி என்று இரண்டு கட்சி. எல்லாம் ஒரே வயிற்றின் வழி வந்த சொந்தங்கள், பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. கனடாவில் இருக்கும் ஊரார், இரண்டு பகுதியும் சேர்ந்து பாடினால்தான் கோயில் பாட்டுக்குச் செலவழிப்போம் என்று நின்றார்கள். பகுதிக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மற்றப் பகுதியின் மூச்சுப் பட்ட மைக்கில் வாய் வைக்க ஒருவரும் தயாரில்லை. பன்னிரண்டு மைக் வைத்தோம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். சொன்னவன் ஸ்டூடியோ வைத்திருந்திருக்க மாட்டான்.

சிவப்பு எட்டுத்தான். என் கணவர் தொழிலுக்குச் சரியானதைச் செய்தார். கிழக்குப் பகுதிக்காரர் வயதானவர்கள், மெல்லிய குரல். மெல்லிய குரலைத் தூக்கும்போதுதான் இரைச்சலும் சேர்ந்து எழும்பும். ஆகவே அவர்கள் ஆறு பேருக்கும் சிவப்பு. மேற்குப் பகுதி கோயில் வீதியில் நின்று பாடினால் சந்திக்குக் கேட்கும். அவர்களில் இரண்டு பேருக்குச் சிவப்பு, நாலு பேருக்குக் கறுப்பு.

முதல் பாட்டு நன்றாகத்தான் வந்தது. கேட்டுப் பார்க்கவென்று மேற்குப் பகுதித் தலைவர் எங்கள் பதிவறைக்குள் வந்தார். சீமெந்துக் கல் அரிகிற கல்வாடி வைத்திருக்கிறவர், ஆள் கதவளவு.

"உதென்ன தம்பி, சிலது சிவப்பு, சிலது கறுப்பு?"

"சிவப்பு புதுசு அண்ணை. கறுப்பு இன்னும் மாத்தேல்லை."

"எங்களுக்கு எத்தினை சிவப்பு?"

"ரெண்டு."

"அவைக்கு?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் மூலையில் ஒன்பதாவது கார்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லு மனிசா என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"ஆறு. அவையின்ரை குரல் சின்னன் அண்ணை. உங்களுக்குப் பெரிய தொண்டை, பழசே காணும்."

கல்வாடிக்காரர் நேரே பாடும் அறைக்குப் போனார். "அவைக்குப் புதுசாம். எங்களுக்குக் கழிச்ச சாமானாம்," என்று தன் ஆட்களுக்குச் சொன்னார். அதோடு முடிந்திருக்கும். சற்று முன் தேவாரத்தில் கண்கலங்கிய கிழக்குப் பகுதிக் கிழவர் ஒருவர், "மாடு கத்துறதுக்கு என்னத்துக்கடா புது மைக்?" என்றார்.

மைக் ஸ்டாண்டின் அடி இரும்பு. மேற்குப் பகுதிக்காரன் ஒருவன் வீசிய வீச்சில் அது கிழவரின் வாயில் பட்ட சத்தம் பன்னிரண்டு மைக்கிலும் ஏறியது. பல் கம்பளத்தில் விழுந்தது. அவருடைய மருமகன் அடித்தவனின் கழுத்தில் மைக் வயரைச் சுற்றி இழுத்தான். நாக்கு வெளியே வந்தது. யாரோ ஆர்மோனியத்தைத் தூக்கி எறிய, கண்ணாடி முழுவதும் உடைந்து எங்கள் மேல் கொட்டியது. திருநீற்று நெற்றிகளில் ரத்தம் வடிந்தது. வேட்டி உரிந்து விழுந்த ஒருவர் அதைக் கட்டக்கூட நேரமில்லாமல், கோடு போட்ட காற்சட்டையோடு நின்று உதைத்துக்கொண்டிருந்தார். வேறொரு நாளென்றால் சிரித்திருப்பேன்.

உடைந்த கண்ணாடிச் சட்டத்தின் வழியாக ஒருவன் உள்ளே பாய்ந்தான். "எல்லாத்தையும் கறுப்பாக்கிறன் பார்," என்று சிவப்பு மூடிகளைப் பிடுங்கத் தொடங்கினான். என் கையில் ஈயக்கோல் சூடாக இருந்தது. அதை அவன் புறங்கையில் வைத்து அழுத்தினேன். தோல் கருகின மணம் வந்த பிறகும் எடுக்கவில்லை. அதற்காக நான் இன்றைக்கும் வருந்தவில்லை.

என் கணவர் இரண்டு கையையும் விரித்து மிக்சரின் மேல் குப்புற விழுந்து கிடந்தார். கல்வாடிக்காரர் வந்து சட்டையில் பிடித்து நிமிர்த்தி, இடப்பக்கக் காதோடு சேர்த்து ஒன்று விட்டார். கல் தூக்குகிற கை. அவர் விழவில்லை, அழவும் இல்லை. கதிரையில் இருந்து என்னைப் பார்த்து, "என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். நான் அப்போது ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. காதிலிருந்து தண்ணியாக ரத்தம் வந்தது.

செவிப்பறை கிழிந்திருக்கிறது, அது ஒட்டிவிடும், உள்ளே என்ன நடந்தது என்பதை இருந்துதான் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பொலிசுக்குப் போவோம் என்றேன். "கோயில் ஆக்கள், வேண்டாம்," என்றார் அவர். யார் விசாரித்தாலும், "இப்ப சுகம்," என்பார். நான் கேட்டாலும் அதே பதில். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன்.

மிச்சக் கார்டுகளை ஆத்திரத்தோடுதான் முடித்தேன். விரலெல்லாம் சுட்டுக்கொண்டேன். அந்தக் கல்வாடிக்காரனைக் கொல்ல வேண்டும் போல் இருந்தது, பேச்சுக்குச் சொல்லவில்லை. பதினாறும் சிவப்பான அன்று என் கணவர் ஹெட்போனைப் போட்டுக் கேட்டுவிட்டு, "நல்ல சுத்தம்," என்றார். ஹெட்போனின் இடப்பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளி விட்டிருந்தார். புழுக்கம் என்றார்.

கொடியேற்றம் கிட்டியது. பாட்டு இல்லாவிட்டால் மற்ற உதவியும் இல்லை என்று கனடாவிலிருந்து சொல்லிவிட்டார்களாம். இரண்டு பகுதியும் ஒரே நாளில் சமாதானமாகி, ஒரே தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் கொண்டு எங்கள் வாசல் படலையில் நின்றன. அவர் வரச்சொன்னார்.

"உங்களுக்கு விசரோ?" என்றேன்.

"வேறை என்ன வேலை எனக்குத் தெரியும், சொல்லும் பாப்பம்?"

போய்ப் பன்னிரண்டு மைக்கையும் எடுத்து வைத்தேன். பின்னேரம் எல்லோரும் வந்து நின்றார்கள். கண்ணாடி இன்னும் போடவில்லை, வெறும் சட்டம்தான். அந்தப் பக்கம் அவர் மிக்சரில் குனிந்திருந்தார், ஹெட்போன் கழுத்தில். நாங்கள் அவருக்கு இடப்பக்கத்தில், கூப்பிடுவதற்குக் குரல் கூட உயர்த்தத் தேவையில்லாத தூரம். நான் கல்வாடிக்காரரின் மைக்கை அவருடைய உயரத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைக்கு இன்னும் கோவம் போகேல்லைப் போலை," என்று சிரித்தார். "ஒரு அறைதானே. மனுசன் சுகமாத்தானே இருக்கிறார்."

மைக்கை விட்டுவிட்டு, எட்டி, என் கை முழுவதையும் கொடுத்துச் செவிட்டைப் பொத்தி அறைந்தேன்.

ஆர்மோனியம் நின்றது. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வாய்கள் நின்றன. அறையில் இருந்த அத்தனை பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். என் கணவருக்கும் சத்தம் கேட்டது. தலையை நிமிர்த்தினார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி எழும்பிப் போய், வலப்பக்க யன்னலைத் திறந்து வெளியே தெருவை எட்டிப் பார்த்தார்.

"ஒழுங்கையிலை ஆரோ அடிபடுகினம் போலை," என்றார்.