பல்லேடியத் தரகரும் சுனிலின் அடையாள அட்டையும்

மூக்கையா ஒரு பயந்தாங்கொள்ளி. கண்டி மஹய்யாவவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவரைக் கேட்டால் அவரே முதலில் சொல்வார். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் தமிழரைத் தேடி பஸ்ஸை மறித்த கும்பல் அவரிடம் பெயர் கேட்டது. வாயில் வந்த சிங்களப் பெயரைச் சொன்னார்: "சுனில்." உயிர் தப்பியது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர் பதினைந்து வருஷமாகியும் கழலவில்லை. சம்பளப் புத்தகத்தில் மட்டும் மூக்கையா. பஸ்ஸில், சந்தையில், வேலை பார்த்த பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எல்லாம் சுனில். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டு வாசலைத் தாண்டினால் மனுஷன் தமிழில் தும்மக்கூட மாட்டார்.

ஆய்வுகூடத்தில் அவருக்குக் குடுவை கழுவும் வேலை. மங்களேஸ்வரி ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்ததும் அந்த வேலை இரண்டு மடங்கானது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. நைதரசன் உள்ள ஒரு வளையத்தை இன்னொரு வளையத்தோடு கோத்துவிட வேண்டும், அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கோத்துவைக்கும் ஊக்கி பல்லேடியம் என்ற உலோகம். ஒரு சிட்டிகை போதும். ஆனால் தங்கத்தைப்போலப் பொத்திவைக்க வேண்டிய பொருள். காரியம் சரியாகப் போனால் குடுவையில் தெளிந்த மஞ்சள் இருக்கும். பிழைத்துப்போனாலோ கன்னங்கரேலென்று கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். அதை அமிலத்தில் ஊறவைத்துத் தேய்த்துத் தேய்த்தே மூக்கையாவின் விரல் நுனிகள் வெந்துபோயின.

அவரோடு பேசும்போது அவளுக்கு உடைந்த சிங்களம், பாதிக்கு மேல் கைச்சாடை. குடுவை கறுத்துவிட்டால் மட்டும் உள்ளிருக்கும் பல்லேடியத்தோடு தமிழில் சண்டை பிடிப்பாள். சுனிலுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம்.

"நீ தரகர்தானே? ரெண்டு வீட்டையும் சேத்துவைச்சிட்டு அடுத்த கலியாணத்துக்கு நடையைக் கட்டவேண்டியதுதானே! அந்த நைதரசன் மாமன் கையைப் பிடிச்சு இழுத்தவுடன, அவற்ற வீட்டுக் கதிரையில குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கிறியோ?"

மூக்கையா முதுகைக் காட்டிக்கொண்டு கழுவுவார். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கும். வீட்டுக்கு எழுதும் கடிதத்தையும் அவள் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவாள். அம்மாவுக்கு மருந்து கிடைக்கிறதா என்று கேட்கும் இடத்தில் குரல் உடையும். திரும்பி நின்று "அழாதீங்க தங்கச்சி" என்று சொல்ல அவருக்கு நாக்குத் துடிக்கும். ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பயத்தின்மேல் அவருக்கே வெறுப்பாக இருந்தது.

கண்டியில் குண்டு வெடித்த வருஷம் அது. ஒரு நாள் காலை சிற்றுண்டிச்சாலை ஹிதாயா மூச்சிரைக்க ஓடிவந்தாள். மங்களேஸ்வரியைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்களாம். அவள் பையில் இருந்த குறிப்புப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வளையம் வளையமாகப் படம், படத்துக்குப் படம் நைதரசன். நைதரசன் என்றால் குண்டு செய்கிற சாமான் என்று ஒரு சிப்பாய் அடித்துச் சொல்லிவிட்டானாம். அவளுடைய பேராசிரியரோ கொழும்பில். மதியம் லொறி வந்தால் பிடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மூக்கையா கழுவிக்கொண்டிருந்த குடுவையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். சுனிலாகப் போகிறவரை யார் என்ன செய்துவிடப்போகிறார்கள்?

சாவடியில் மங்களேஸ்வரி வாங்குப் பலகையின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அதிகாரியின் மேசையில் புத்தகம் விரிந்து கிடந்தது. மூக்கையா கும்பிடு போட்டுவிட்டுச் சிங்களத்தில் தொடங்கினார்.

"சேர், இது குண்டு இல்லை, கலியாணம். இந்த வளையம் மாப்பிள்ளை வீடு, அது பெண் வீடு. நடுவில் நிற்கிறாரே பல்லேடியம், அவர்தான் மகுல் கபுவா."

கலியாணத் தரகர் என்றதும் அதிகாரி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். "அப்போ இந்த நைதரசன்?"

"அது மாமா, சேர். தரகரைக் கண்டால் விடமாட்டார். உட்காரவைத்து உபசரித்தே கலியாணத்தைக் கெடுத்துவிடுவார். இந்தப் பிள்ளை இரண்டு வருஷமாக அந்த மாமாவோடுதான் மல்லுக்கட்டுகிறது. தரகரைத் தள்ளிக்கொண்டு வர ஒரு தடியான துணையாளைத் தேடுகிறது."

"எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மாமா இருந்தார்!" அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். வாசலில் நின்ற சிப்பாய்க்கும் சிரிப்பு. "சரி, கூட்டிக்கொண்டு போ. பிணைக்கு நீயே கையெழுத்துப் போடு. அடையாள அட்டையைக் கொடு."

மூக்கையாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அட்டை சட்டைப் பையில்தான் இருந்தது. வீட்டில் மறந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும், சுனிலாகவே வீடு போய்ச் சேரலாம். அவள் லொறியில் போவாள். அவர் வாங்கில் இருந்தவளைப் பார்த்தார். பிறகு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

அதிகாரி வாசித்தார். இராமையா மூக்கையா. முகத்தில் இருந்த சிரிப்பு வற்றியது. "தெமளத?"

"ஆமாம் சேர். தமிழன்தான்."

"அவளுக்கு நீ பிணை. உனக்கு யார் பிணை?"

வாங்கிலிருந்து மங்களேஸ்வரி எழுந்தாள். தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் சொன்னாள்: "நான். இவருக்கு நான்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனையை எடுத்து இரண்டு பெயரையும் எழுதினார். திங்கட்கிழமை தோறும் இரண்டு பேரும் வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்று சொல்லிப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

வீதிக்கு வந்ததும் அவள் தமிழில் கேட்டாள்.

"அப்ப நான் கதைச்சதெல்லாம் உங்களுக்கு விளங்கினதே?"

"வெளங்கிச்சு தங்கச்சி."

"ஐயோ கடவுளே! 'இந்த மூதேவி சுனில் என்ர குடுவையை உடைச்சிட்டான்' எண்டதும்?"

"அதுந்தான். ஆனா அது ஏற்கனவே கீறல் விட்ட குடுவைங்க."

அவள் சிரித்தாள்; சிரித்தபடியே அழுதாள். "அம்மாக்கு எழுதினதும் கேட்டனீங்கள். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

பஸ் நிறுத்தத்தில் சனம் நெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்காரர்கள், துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். பேராதனை பஸ் வளைவில் திரும்பியது. மூக்கையா தொண்டையைச் செருமினார்.

"வாங்க தங்கச்சி, பஸ் வந்திருச்சு, ஏறுங்க!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் கூப்பிட்டார்.