வாசலுக்கு ரோடு வரும்வரை

போன மாதம் எங்கள் தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டதில் என் கடைப் படிக்கட்டின் கீழ்ப்படி பாதி புதைந்துவிட்டது. எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், அயோத்தியாப்பட்டணத்துக்காரர், அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அக்கா, ரோடு கிளம்பிருச்சு. வந்துக்கிட்டே இருக்கு."

"மெதுவா வரட்டும்ண்ணே. நான் எங்க போகப் போறேன், இங்கதான இருப்பேன்" என்றேன்.

இன்றைக்கு இப்படிச் சிரித்துச் சொல்கிறேன். இதே படிக்கட்டால் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவது என்று ஒரு சமயம் முடிவெடுத்திருந்தேன்.

அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு எங்களுடையது. அங்கே ஓடு போட்ட பழைய கட்டடம் ஒன்றில் வரிசையாகக் கடைகள் இருந்தன. அதில் ஒன்று என் தையல் கடை. ஜாக்கெட் தைப்பேன், சேலைக்கு ஓரம் அடிப்பேன். கட்டடத்தை இடித்து மேலே வீடுகளும் முன்பக்கம் கடைகளுமாகக் கட்டப்போவதாக ஓனர் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "உனக்கு ஒரு கடை உண்டும்மா" என்றார். எழுதிக் கொடுக்கவில்லை, வாயால் சொன்னதுதான். சொன்னபடியே கொடுத்தார். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சொல்வதெல்லாம் அவரைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும்.

கட்டி முடித்ததும் போய்ப் பார்த்தேன். ரோட்டில் நின்றால் கடையின் தரை என் நெஞ்சளவுக்கு இருந்தது.

"இவ்வளவு உசரமுங்களா?" என்றேன்.

"ரோடு போடப் போட உசரும்மா. பழைய கடையில மழைத் தண்ணி உள்ள வந்து நீ சேலையெல்லாம் தூக்கி மெஷின் மேல வச்சுக்கிட்டு நின்னியே, மறந்துட்டியா? இன்னும் கொஞ்ச வருசத்துல ரோடு உன் வாசலுக்கு வந்துரும், பாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வீடு கட்டுகிற யாரும் இன்றைய ரோட்டைப் பார்த்துக் கட்டுவதில்லை, வரப்போகிற ரோட்டைப் பார்த்துத்தான் கட்டுவார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரோடு வந்து சேரும்வரை ஆட்கள் எப்படி ஏறுவார்கள் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முன்னால் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று படிக்கட்டைக் குறுக்கி, செங்குத்தாக வைத்துவிட்டார்கள். வழுவழுவென்று கிரானைட். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. திறந்த அன்று எல்லாரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ஏறி வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை.

தையல் கடைக்கென்று யாரும் வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. காய் வாங்கப் போகும்போது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும்போது, போகிற போக்கில் ஒரு காலை உள்ளே வைத்து, "தச்சாச்சா?" என்று கேட்பார்கள். கேட்க வந்தவர்கள் உட்கார்ந்து இன்னொரு துணியும் கொடுப்பார்கள். பழைய கடையில் ஒரே ஒரு கல்தான் படி. அந்தக் கல்தான் எனக்குச் சோறு போட்டது என்று உயரத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

மேலே உட்கார்ந்துகொண்டு தெருவைப் பார்ப்பேன். எங்கள் வரிசையில் புதிதாக வந்த கட்டடங்களில் ஒன்றுக்குக் கீழே முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. இன்னொன்றுக்கு மதில். மற்றொன்றுக்குக் கார் நுழையும் வாய் மட்டும்தான். அவற்றைத் தாண்டும்போது ஆட்கள் தங்களை அறியாமல் வேகமாக நடந்தார்கள், நின்று பார்க்க அங்கே ஒன்றும் இல்லையே. முன்பெல்லாம் முகத்தை வைத்து ஆட்களை அடையாளம் தெரியும். இப்போது மேலிருந்து வகிட்டை வைத்துக் கண்டுபிடித்தேன்.

என்னுடைய பழைய வாடிக்கையில் திருச்செங்கோட்டு அக்கா ஒருவர் உண்டு. போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம், இப்போது எங்கள் பக்கத்துத் தெருவில் வீடு. நல்ல உடம்பு, இரண்டு முழங்காலும் தகராறு. ஒருநாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, எங்கூரு மலைக்கே இப்ப உச்சி வரைக்கும் வண்டி போவுது. உங்க கடைக்கு இல்லீங்களா?"

நான்தான் இறங்கிப் போய்த் துணியை வாங்கிக்கொண்டேன். இப்படி இறங்கி ஏறி என் காலும் போனதுதான் மிச்சம். ஓனரிடம் போய், "கார்த்திகை முடியப் பார்க்கிறேனுங்க. ஆள் வராட்டிச் சாவியை வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கார்த்திகை பாதி போயிருக்கும். ஒரு மத்தியானம் மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் யாரோ தட்டுகிறார்கள். பின்சுவரில் காற்றுக்காக விட்ட சின்னச் சன்னல் ஒன்று கழுத்தளவில் உண்டு. அந்தப் பக்கம் கட்டடத்தின் கார் பார்க்கிங். திரும்பினால் கம்பிக்கு நடுவில் திருச்செங்கோட்டு அக்காவின் முகம்.

"சாமி, இங்க பாரு. நானும் வண்டி போற வழியிலயே வந்துட்டேன்."

கார் ஏறுவதற்குப் பக்கவாட்டில் சாய்வாக ஒரு பாதை போட்டிருந்தார்கள். அது ஏறி முடிகிற இடமும் என் கடைத் தரையும் ஒரே மட்டம். எத்தனை நாள் அதைப் பார்த்திருப்பேன், கார் ஏறுவதாகத்தான் பார்த்தேன்.

"வாட்ச்மேன் விட்டாருங்களாக்கா?"

"மேல குடியிருக்கற ஊட்டுக்காரின்னு நெனச்சுட்டாப்ல இருக்குது, சல்யூட் வேற வச்சாரு. இந்தா புடி" என்று கம்பி வழியாகப் பையை நீட்டினார். உள்ளே துணியும் அளவு ஜாக்கெட்டும் இருந்தன. நம் பெண்களுக்கு உடம்பை அளந்து தைப்பதைவிட, பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து அதைப் பார்த்துத் தைக்கச் சொல்வதில்தான் நம்பிக்கை. அந்தப் பழக்கம் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. கை நுழைகிற சன்னல் இருந்தாலே போதும், ஜாக்கெட் தைத்துவிடலாம்.

செய்தி பரவியது. ஒவ்வொருவராகச் சாய்வுப் பாதையில் ஏறி வந்தார்கள். கிறிஸ்துமஸ் துணி வேறு சேர்ந்துகொண்டது. சாயங்காலமானால் சன்னலுக்கு வெளியே ரேஷன் கடைபோல் வரிசை. "கழுத்த இன்னும் எறக்கச் சொன்னேனே" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சண்டை போடுவார், பின்னாலிருந்து கார்க்காரர் ஹாரன் அடிப்பார். வாட்ச்மேனுக்குத் திட்டு விழுந்தது. கடைசியில் வீட்டுக்காரர்கள் சங்கம் கூட்டம் போட்டது. சன்னலை அடைப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. அடைத்தால் என் கதையும் முடிந்தது.

கூட்டம் நடந்தது அதே பார்க்கிங்கில், என் சன்னலுக்கு நேர் வெளியே. நான் உள்ளே மெஷினில் உட்கார்ந்து ஒரே துணியில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"வெளியாளுங்க இப்படி உள்ள வந்து போனா நம்ம பாதுகாப்பு என்ன ஆகறதுங்க?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. என் கை நின்றுவிட்டது.

"மெஷின் நின்னுருச்சு பாருங்க, உள்ள கேட்டுக்கிட்டு இருக்கா" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் மாடி சிஸ்டரம்மாவின் குரல் அது. நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். பழைய கடையில் அவருடைய வெள்ளை யூனிஃபார்ம் எல்லாம் நான் தைத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு உடுத்திப் போகும் சேலைகளுக்கு ஜாக்கெட்டும் நான் தைத்ததுதான்.

"வெளியாளுங்க ஏற்கெனவே உள்ள வந்து சன்னல்ல தொங்கிக்கிட்டுத்தான இருக்காங்க" என்றார் சிஸ்டரம்மா. "பக்கத்துல ஒரு கதவு வச்சுட்டா கடைக்குள்ள போயிருவாங்க, உங்க காருக்குக் குறுக்க நிக்க மாட்டாங்க. ராத்திரி பூட்டிக்கலாம். அப்புறம் இன்னொண்ணு. இங்க நிக்கிற லேடீஸ்ல அந்தப் படிக்கட்டுல ஏறித் துணி கொடுத்தவங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை போலிருக்கிறது. முதலில் கேள்வி கேட்ட அதே ஆள், "சரி, சாய்வுல ஒரு கைப்பிடிக் கம்பியும் போட்டுருங்க. எங்கம்மாவும் நடந்து இறங்குவாங்க" என்றார்.

ஓனரிடம் சிஸ்டரம்மாவே போய்ச் சொன்னார். அந்த வாரமே ஓனர் ஆள் அனுப்பிச் சுவரை உடைத்துக் கதவு வைத்துக் கொடுத்தார். சன்னலையும் எடுத்துவிடலாமா என்று கொத்தனார் கேட்டதற்கு, வேண்டாம், இருக்கட்டும் என்றேன். சாய்வுப் பாதையில் ஓர் ஓரமாக மஞ்சள் கோடு போட்டு, நடப்பவர்களுக்கென்று கம்பியும் நட்டார்கள். அதன் பிறகு மேல்வீட்டு வயதானவர்கள் சாயங்காலம் கம்பியைப் பிடித்து இறங்கி வர, காய்கறி வண்டிக்காரரும் சாய்வு தொடங்குகிற இடத்திலேயே நிற்கப் பழகிக்கொண்டார். வெண்டைக்காய் வாங்குகிறவர்கள் அங்கிருந்தே, "தச்சாச்சா?" என்று மேலே பார்த்துக் கேட்கிறார்கள். நெடுநாள் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டபோது ஊசியில் நூல் கோக்க முடியவில்லை எனக்கு, கண் கலங்கிவிட்டது.

கார்த்திகை முடிந்த மறுநாள் ஓனர் வந்தார். படியில் ஏறவில்லை, அவரும் சாய்வு வழியாகத்தான் வந்தார். "என்னம்மா, சாவி?" என்றார். இடுப்பில் செருகியிருந்ததைத் தொட்டுக் காட்டினேன். "சரி, சரி" என்று வீட்டம்மாவின் துணிப் பையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த மனிதர்கள் இல்லாவிட்டால் இந்நேரம் வீட்டு மூலையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பேன். தைக்கலாம்தான், ஆனால் பேச்சுக்கு எங்கே போவது?

கதவு வைத்த அன்று முதல் ஆளாக வந்தவர் திருச்செங்கோட்டு அக்காதான். கதவை அகலத் திறந்து வைத்து, பூ வைத்து, நான் எழுந்து நிற்கிறேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கம்பியைப் பிடித்து ஏறி வந்தார். நேராகச் சன்னலுக்குப் போய்க் கம்பி வழியாகப் பையை நீட்டினார். நானும் போய் வாங்கிக்கொண்டேன். பிறகுதான் இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம்.

"பழகிப் போச்சுங்க" என்றார். "அந்தப் பையைத் திருப்பிக் குடு சாமி. உள்ள வந்தே தாரேன்."